வயிற்று வலியும் டிடக்டிபிளும்: டல்லாஸ் வரும் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் மனைவியோடும் மூன்று வயதுப் பையனோடும் அமெரிக்காவுக்கு, டல்லாஸ் பக்கம் வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். கம்பெனி கொடுக்கும் இரண்டு இன்ஷூரன்ஸ் பிளான்களில் மாதப் பிடித்தம் குறைவானதை எடுத்துக்கொண்டு, ஏதாவது என்றால் எமர்ஜென்சிக்குப் போய்க்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே வீடு, பழைய கார், மளிகை என்று ஒரு பட்டியல். டல்லாஸை ஒட்டிய இர்விங்கில் இறங்கிய அன்றே இட்லி மாவு கிடைக்கும். மற்றதை இங்கே இருக்கிறவர்கள் சொல்வார்கள். எமர்ஜென்சி என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பதில் எழுதுகிறேன்.

முதலில், டல்லாஸ் இருக்கும் இந்த டெக்சாஸ் மாநிலத்தில் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கடை வரிசையில், பீட்சா கடைக்கும் சலூனுக்கும் நடுவே, எமர்ஜென்சி என்று பெரிய சிவப்பு எழுத்தில் போர்டு இருக்கும். ஆஸ்பத்திரியோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் எமர்ஜென்சி ரூம் அது. இவற்றுக்கு உரிமம் கொடுக்க 2009இல் இங்கே சட்டம் வந்தது. அதே தெருவில் அர்ஜென்ட் கேர் என்று, உயிருக்கு ஆபத்தில்லாத அவசரத்துக்குப் போகும் சின்ன கிளினிக் ஒன்றும் இருக்கும். உள்ளே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், பில் வரும்போதுதான் வித்தியாசம் புரியும். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் விவியன் ஹோவும் அவருடைய குழுவினரும் 2012 முதல் 2015 வரையிலான டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 2015இல் தனி எமர்ஜென்சி ரூமுக்கு ஒரு தடவை போனால் சராசரியாக 2,199 டாலர், அர்ஜென்ட் கேரில் 168 டாலர். இரண்டு இடத்துக்கும் வந்தவர்களின் உபாதைகளோ பெரும்பாலும் ஒன்றே.

என் மகளுக்கு நான்கு வயதில் ஒருநாள் சாயங்காலம் காது வலி. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்ணில் பட்ட முதல் சிவப்பு போர்டுக்குள் நுழைந்தேன். ஒரு டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்து மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார், பத்து நிமிஷம். ஆறு வாரம் கழித்து 1,800 டாலருக்கு பில் வந்தது. வருடத்தில் இவ்வளவு தொகையை நாமே கட்டித் தீர்த்த பிறகுதான் இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும், அந்தத் தொகைக்குப் பெயர்தான் டிடக்டிபிள். அது தீராததால் முழுவதும் என் கையிலிருந்துதான் போனது. 2022 ஜனவரி முதல் புதுச் சட்டம் இருக்கிறது, நெட்வொர்க்கில், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில், இல்லாத எமர்ஜென்சி ரூம் என்பதற்காக உங்களிடம் கூடுதலாக வாங்க முடியாது. ஆனால் டிடக்டிபிள் அப்படியேதான் இருக்கிறது. சாலையில் போகும் ஆம்புலன்ஸும் அந்தச் சட்டத்தில் சேரவில்லை.

அதனால் வந்த முதல் வாரமே பையனுக்கு நெட்வொர்க்கில் ஒரு குழந்தை டாக்டரைப் பிடித்துவிடுங்கள். தடுப்பூசிக்கும் வருடாந்திரப் பரிசோதனைக்கும் அநேகமாக எல்லா கம்பெனி பிளானிலும் காசு கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் அர்ஜென்ட் கேர் எது, ஆஸ்பத்திரி எது என்று பகலிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் அட்டையின் பின்பக்கம் நர்ஸிடம் போனிலேயே யோசனை கேட்கும் நர்ஸ் லைன் நம்பர் இருந்தால் அதை மனைவியின் போனிலும் போட்டுக் கொடுங்கள்.

இவ்வளவு சொன்னேனே என்று எமர்ஜென்சி என்றாலே பயந்துவிடாதீர்கள். அந்தப் பயம்தான் இதைவிடப் பெரிய ஆபத்து. எழுபதுகளில் தொடங்கி 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இங்கே ஒரு பெரிய சோதனை நடத்தியது. சில குடும்பங்களுக்கு வைத்தியம் முழுக்க இலவசம், மற்றவர்கள் ஒரு பங்கு கையிலிருந்து கட்ட வேண்டும். கட்ட வேண்டியிருந்தவர்கள் டாக்டரிடம் குறைவாகப் போனார்கள். சரி, தேவையில்லாததைத்தானே விட்டிருப்பார்கள் என்று நினைப்போம். இல்லை, தேவையான வைத்தியத்தையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு விட்டிருந்தார்கள். நம் ஆட்களிடம் இதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஊரிலிருந்து ஆன்டிபயாடிக்கைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, நெஞ்சு வலிக்கும் வாட்ஸ்அப்பில் மாத்திரை கேட்கிறார்கள். ‘திங்கட்கிழமை பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

ஏனென்றால் 2006இல் நானும் அதைத்தான் சொன்னேன். வந்து நான்கு மாதம், ஒரே அபார்ட்மென்ட்டில் நான்கு பேர். வியாழக்கிழமை ராத்திரி வயிற்று வலி. ஆம்புலன்ஸில் ஏறினாலே ஆயிரம் டாலர் என்று யாரோ சொன்னது மண்டையில் உட்கார்ந்திருந்தது. ஓமத் தண்ணீர் குடித்தேன். வெள்ளிக்கிழமை வலி வலது பக்கம் இறங்கியது. சனிக்கிழமை சட்டென்று குறைந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று அம்மாவுக்கு போன்கூடப் பண்ணினேன். அப்பெண்டிக்ஸ் உள்ளே வெடித்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை ஜுரத்தில் எழுந்திருக்கவே முடியவில்லை.

பணத்தைப் பற்றி யாரும் அன்று எனக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1986ஆம் வருடத்துச் சட்டப்படி, ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும், பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரிசோதித்து நிலைமையைச் சீராக்கியே ஆக வேண்டும். பில் அப்புறம் வரும். வந்தால் உடனே கட்டாதீர்கள். வரி வரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள், உதவித் திட்டம் உண்டா என்று கேளுங்கள், தவணை கேளுங்கள். நான் இரண்டு வருடம் மாதாமாதம் கட்டி முடித்தேன். இன்று எந்த பில் வந்தாலும் இன்ஷூரன்ஸ் அனுப்பும் விவரத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்காமல் விடமாட்டேன்.

அன்று என்னைத் தூக்கிப் போனது குண்டூர்க்கார அறைத்தோழன். லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அவனுக்கு. ஹைவேயில் ஏறப் பயந்து, நான்கு பக்கமும் விளக்கு மினுக்க, உள்தெரு வழியாகவே ஓட்டினான். எப்போது வலி தொடங்கியது என்று நர்ஸ் கேட்டார். வியாழக்கிழமை என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

ஒன்பது நாள் படுத்திருந்தேன், வயிற்றில் டியூபோடு. தினமும் ஆபீஸ் முடிந்ததும் அவன் தயிர் சாதம் கொண்டுவந்தான். முதல் நான்கு நாள் எனக்குச் சாப்பாடே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கென்று பிசைந்து வந்ததை மெதுவாக அவனே சாப்பிட்டு முடிப்பான். மறுநாளும் கொண்டுவருவான்.