தண்டனை நீங்கினால் கஞ்சாவின் தீங்கும் நீங்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஒலன்சபின் குளிசை போடுகிறான். கஞ்சாவைப் பீடித் தூளோடு கலந்து புகைக்கிறான். கேட்டால், "வெளிநாட்டில் தண்டனையே இல்லை, பிறகென்ன தீங்கு?" என்கிறான். என்ன செய்வது?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, போர்த்துக்கல் 2001இல் கஞ்சாவை நல்லதென்று சொல்லவில்லை. சொந்தப் பாவனைக்குச் சிறிதளவு வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆலோசனைக் குழுவிடம் அனுப்பியது. விற்பது அங்கும் குற்றம். இலங்கையில் வைத்திருப்பதே குற்றம். நோயாளியைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புவதுதான் சரி என்பதே எங்கள் எண்ணமும். பொலிசுக்குப் பயந்து கிளினிக்கில் உண்மையை மறைத்தால் வைத்தியம் பிழையாகிப்போகும்.

ஆனால் எந்தச் சட்டம் வந்தாலும் தம்பியின் நோய்க்குக் கஞ்சா ஆகாது. அதிலுள்ள டிஎச்சி என்னும் போதை தரும் பொருள், சந்தேகத்தையும் காதில் கேட்கும் குரல்களையும் கிளப்பிவிடும். பீடிப் புகை வேறு கெடுக்கிறது. அது ஈரலைத் தூண்டி ஒலன்சபினை வேகமாக உடைக்க வைப்பதால், போடும் குளிசை போதாமல் போகலாம். மறுபக்கம், புகைப்பதைச் சட்டென விட்டால் இரத்தத்தில் மருந்து ஏறி, பகலெல்லாம் தூங்கி வழிவான். விடப்போவதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவை அவர் மாற்றட்டும். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

ஏசாதீர்கள். எந்த நாள் எத்தனை பீடி, எத்தனை மணித்தியாலம் நித்திரை என்று ஒரு கொப்பியில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இரண்டு இரவு தொடர்ந்து நித்திரையில்லை, தனக்குத்தானே பேசுகிறான் என்றால் கிளினிக் திகதிவரை பார்த்திராமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு உடனே கூட்டிப்போங்கள். ஆலோசனைக்கு 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.