போன்சாய் வேர்த் தொல்லை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என் ஃபைக்கஸில் (ஆல், அத்தி இன மரம்) ஒரு தடித்த வேர் அடிமரத்தைச் சுற்றி வளைந்திருக்கிறது. பார்க்க அழகாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமா?

பதில்: இன்றைக்கு அழகுதான். ஆனால் தண்டும் பருக்கும், வேரும் பருக்கும். கடைசியில் தண்டை நெரித்துவிடும். வெட்டும் முன் மண்ணைக் கழுவிவிட்டு, அந்த வேரை நுனிவரை விரலால் தொடர்ந்து போங்கள். சல்லிவேர் எல்லாம் அதில்தான் தொங்குகிறது என்றால் இந்த முறை பாதி, அடுத்த மண் மாற்றத்தில் மீதி. மற்ற பக்கமும் சல்லிவேர் அடர்ந்திருந்தால் தண்டை ஒட்டி ஒரே வெட்டு. வடியும் பாலை ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் மரத்தைத் தொட்டியோடு கம்பியால் கட்டுங்கள். மரம் ஆடினால் புதிதாக விடும் வேர்த்தூவிகள் அறுந்துபோகும்.

கேள்வி: ஆணிவேரை வெட்டினால் செத்துவிடாதா?

பதில்: போதிய சல்லிவேர் இருந்தால் சாகாது. தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அவைதான். கம்பி கட்டுங்கள்.

கேள்வி: வேர் அழுகாமல் இருக்க, தோட்டத்து மண்ணுக்கு அடியில் கூழாங்கல் பரப்புகிறேன். சரிதானே?

பதில்: இல்லை. பொடி மண்ணின் நுண்துளைகள் நீரை விடாது. அது கல்லுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். சொதசொதப்பு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

அவரே: பல வருஷமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே!

பதில்: கல்லால் பிழைத்ததா, கல்லையும் மீறிப் பிழைத்ததா? ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும். உயரம் குறைந்தால் தண்ணீர் அதிகம் தங்கும். போன்சாய்த் தொட்டியோ ஏற்கெனவே தட்டை. கல் போட்டால் மண்ணின் உயரம் இன்னும் குறைகிறது.

இன்னொருவர்: ஜப்பானில் அடியில் பெரிய மண் மணிகள் போடுகிறார்களே?

பதில்: போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மேலே போடுவதும் தூசி சலித்த அகடாமா மணிகள், அதாவது ஜப்பானிய எரிமலைக் களிமண் உருண்டைகள். தோட்டத்து மண் இல்லை.

கேள்வி: ஆணிவேரை வெட்டலாமா?

பதில்: மேலே ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கேள்வி: வேர் எல்லாம் ஒரே பக்கம்.

பதில்: வெறும் பக்கத்தில் அதே இனக் கன்றை வேர் ஒட்டாகக் கட்டலாம். கன்று மரத்தோடு ஒட்டிக்கொண்டால் அதன் வேர் மரத்தின் வேராகிவிடும்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது. என்ன உரம்?

பதில்: எதுவும் வேண்டாம். முதலில் வேரைப் பாருங்கள். கறுத்து, இழுத்தால் தோல் உருவி நார் மட்டும் கையோடு வந்தால் அழுகல். அதை வெட்டிவிட்டு மணி மண்ணுக்கு மாற்றுங்கள். கம்பி, மறக்காதீர்கள்.

கூழாங்கல்காரர்: ஸ்பாஞ்ச் சொட்டியது. ஆனால் மண் வேறு.

பதில்: சரி. அடுத்த முறை தொட்டியைக் கவிழ்க்கும்போது, கல்லுக்கு நேர்மேலே இருக்கும் மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்.