நாலு ஸ்டிரிங், நிறையக் கேள்விகள்

பாடகர்களைப் பற்றியும் கீபோர்டைப் பற்றியும் கேட்டு எழுதுகிறவர்கள் எப்போதும் உண்டு. இந்த முறை பேஸ் கிட்டார் பற்றி மட்டும் தனிக்கட்டாக ஒதுக்கி வைக்கும் அளவுக்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன. திருச்சிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்தே குடும்பம் நடத்துகிறவன் என்பதால் எனக்கு இதில் தனி சந்தோஷம். அதனால் இந்த இதழ் முழுக்க பேஸ்தான்.

புதிதாக பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறேன் சார். வீட்டில் அண்ணனுடைய 10 வாட் கிட்டார் ஆம்ப் இருக்கிறது. அதில் போட்டு வாசித்தால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? தனி ஆம்ப் வாங்குவதென்றால் எத்தனை வாட்? கையில் பணம் குறைவு.
*— கல்லூரி மாணவர், திண்டுக்கல்*

மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது தம்பி. சத்தத்தைக் கூட்டினால்தான் ஆபத்து. சாதாரண கிட்டாரின் தடித்த ஸ்டிரிங் 82 ஹெர்ட்ஸ். உங்கள் பேஸின் தடித்த ஸ்டிரிங் அதில் சரிபாதி, 41 ஹெர்ட்ஸ். சத்தம் எவ்வளவு கீழே போகிறதோ, அதைத் தள்ள ஸ்பீக்கரின் கோன் (முன்னால் தெரிகிற கூம்பு) அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய் வர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கரை அந்த ஓட்டத்துக்காகச் செய்வதில்லை. வாசிக்கும்போது 'கர்' என்று ஒரு கரகரப்பு வந்தால் கோன் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே வால்யூமைக் குறையுங்கள். ராத்திரிப் பயிற்சிக்கு ஹெட்ஃபோனே போதும்.

இனி வாட். எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. 100 வாட்டை 200 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். போதாததற்குக் கீழ்ச்சுரங்களைக் காது லேசில் வாங்காது, அதனால் பேஸுக்கு எப்போதும் கூடுதல் சக்தி தேவைப்படும். டிரம்ஸோடு உட்காரும்போது கிட்டார்காரருக்கு 30 வாட் தாராளமாக இருக்கும். அதே அறையில் உங்களுக்கு 200 வாட்டாவது இல்லாவிட்டால் திணறும்.

ஆனால் நீங்கள் இன்றைக்கே 200 வாட் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் வாசிக்க 25 முதல் 40 வாட் போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள், பின்பக்கம் மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் இருக்கிறதா என்று. ஃபெண்டர் ரம்பிள் வரிசையில் 40 வாட் பெட்டியில் அது இருக்கிறது, 25-இல் இல்லை. அந்த ஒரு சாக்கெட் இருந்தால் சின்ன ஆம்பையே மேடைக்கும் கொண்டுபோகலாம். ஜனங்களுக்குக் கேட்க வைப்பதை சவுண்ட்காரர் பார்த்துக்கொள்வார். உங்கள் பெட்டி உங்கள் காதுக்கு மட்டும் வேலை செய்தால் போதும்.

பழைய ஆம்ப் வாங்கினால் கடையில் அவசரப்படாதீர்கள். கேபிள் செருகாமல் ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகுங்கள். 'சர சர' என்றால் தூசி, சரிசெய்துவிடலாம். பிறகு முன்வலையைக் கழற்றச் சொல்லி, ஆம்பை அணைத்துவிட்டு, கோனின் நடுவட்டத்தைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் சமமாக வைத்து லேசாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். உரசுகிற உணர்வு வந்தால் உள்ளே சுருள் தட்டுகிறது, வேண்டாம். கடைசியாக பேஸைச் செருகி, தடித்த ஸ்டிரிங்கில் முதல் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பன்னிரண்டு வரை ஒவ்வொன்றாக நீட்டி வாசியுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி அதிர்ந்தால் ஆணி தளர்ந்திருக்கும். எல்லாச் சுரத்திலும் அதிர்ந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நான்கு ஸ்டிரிங் போதுமா, ஐந்து வாங்கலாமா?
*— வாசகர், கும்பகோணம்*

மெல்லிசை மேடைதான் உங்கள் வேலை என்றால் ஐந்து. காரணம் பாடகர்கள். பாட்டு இ ஸ்கேலில் இருக்கும், பாட வருகிறவர் மேடை ஏறிய பிறகு "தொண்டை சரியில்லண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்பார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டினால் தீர்ந்தது. நான்கு ஸ்டிரிங் பேஸில் இ-க்குக் கீழே சுரமே இல்லை. மொத்த லைனையும் மேல் ஸ்தாயிக்குத் தூக்க வேண்டும், பாட்டின் கனம் போய்விடும். ஐந்தாவது ஸ்டிரிங் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்றாலும் அந்த அடிமட்டச் சுரம் முக்கியமில்லை. பாடகர் இறக்கும் அரைக் கட்டையும் ஒரு கட்டையும் அதில் கிடைக்கும், அதற்காகத்தான் சொல்கிறேன். ராக் மட்டும் வாசிப்பேன் என்றால் நான்கே போதும்.

கோயில் திருவிழா மேடைகளில் என் பேஸிலிருந்து 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது. ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் நின்றுவிடுகிறது. அப்படியே வாசிக்கலாமா?
*— மெல்லிசைக் குழுக் கலைஞர், பட்டுக்கோட்டை*

கூடவே கூடாது. இன்றைக்கே அந்தப் பின்னைத் திரும்ப மாட்டுங்கள். ஆம்புக்குள் ஏதாவது ஒயர் கழன்று உலோகச் சட்டத்தைத் தொட்டால் கரண்ட் போக எர்த்தில் வழி இருக்க வேண்டும். வழியை அடைத்துவிட்டால் அது உங்கள் ஸ்டிரிங்குக்கு வரும். கை ஸ்டிரிங்கில், உதடு மைக்கில், நடுவில் நீங்கள். உலகத்தில் எத்தனையோ இசைக்கலைஞர்கள் இப்படி மேடையிலேயே போயிருக்கிறார்கள். பையில் ஒரு டெஸ்டர் எப்போதும் இருக்கட்டும். செட் போட்டதும் ஸ்டிரிங்கிலும் மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அதைச் சரிசெய்யும் வரை கருவியைத் தொடாதீர்கள். ஜெனரேட்டர் மேடை என்றால் எர்த் ராடு அடித்திருக்கிறாரா என்று ஜெனரேட்டர்காரரிடம் நேரில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

ஹம்முக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஆம்புக்கும் மிக்சருக்கும் வேறு வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்தால் இரண்டுக்கும் நடுவே எர்த் சுற்று உண்டாகிவிடும். ஒரே போர்டிலிருந்து எடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் பேஸை நேராக மிக்சருக்கு அனுப்புகிற சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளுங்கள். அது மிக்சருக்குப் போகும் சிக்னல் கேபிளின் இணைப்பைத்தான் பிரிக்கிறது, கரண்ட் எர்த்தைத் தொடுவதில்லை. அதனால் பயமில்லை.

உங்களுடையது ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு ஒற்றைச் சுருள் பிக்-அப் (ஸ்டிரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) உள்ளதா? இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து வைத்தால் ஒன்றின் ஹம்மை இன்னொன்று அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால்தான் ஹம் தலை தூக்கும். சீரியல் செட்டும் டிம்மர் விளக்கும் பக்கத்தில் இருந்தால் ஒரு கால் வட்டம் திரும்பி நின்று பாருங்கள், பாதி அடங்கும்.

சில சவுண்ட்காரர்கள் ஈக்வலைசரில் 50 ஹெர்ட்ஸை வெட்டி ஹம்மை நிறுத்தப் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நம்மூர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். உங்கள் தடித்த ஸ்டிரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஹம்மை வெட்டினால் ஜி-யின் அடியும் சேர்ந்தே போகும். ஜி ஸ்கேல் பாட்டில் உங்கள் பேஸின் கனமே போய்விடும்.

டிஐ-யில் போட்டால் சத்தத்தில் உயிர் இருக்காது என்று வேறொரு நண்பர் எழுதியிருக்கிறார். டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்சருக்குப் போனதுதான். அறுபது வருடம் கழித்தும் அதைக் கேட்டுத்தான் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம்.

என் மகளுக்குப் பதினோரு வயது. பேஸ் கிட்டார்தான் வேண்டும் என்கிறாள். கை சின்னது, கருவியோ கனம். இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லலாமா?
*— ஒரு தாய், நாகர்கோவில்*

பொறுக்கச் சொல்லாதீர்கள் அம்மா. ஆசை இருக்கும்போதே கையில் கொடுத்துவிட வேண்டும். கடையில் 'ஷார்ட் ஸ்கேல்' என்று கேளுங்கள். வழக்கமான பேஸில் ஸ்டிரிங்கின் நீளம் 34 அங்குலம், இதில் 30 அங்குலம். முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவதுக்கும் உள்ள தூரம் ஐந்து அங்குலத்திலிருந்து நாலரைக்கு இறங்கிவிடும். அந்த அரை அங்குலம் சின்னக் கைக்குப் பெரிய விஷயம். கனமும் குறையும்.

இது குழந்தைகளுக்கான பொம்மை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் இந்த அளவுதான். 1972-இல் திருடு போய், ஐம்பது வருடம் கழித்து அவர் கைக்கே திரும்பி வந்தது, அந்தச் செய்தி 2024-இல் வெளியானது. வாழ்நாள் முழுக்க ஷார்ட் ஸ்கேலே வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியரிடம் ஒன்று சொல்லுங்கள். கீழ் ஃப்ரெட்டுகளில் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று இழுக்க வைக்க வேண்டாம். மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஒன்றாகச் சேர்த்து அழுத்தட்டும், டபுள் பேஸ்காரர்கள் காலங்காலமாகச் செய்வது அதுதான். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட வேண்டும், வலியோடு பயிற்சி வேண்டாம். பெண்பிள்ளைக்கு பேஸா என்று உறவுக்காரர்கள் யாராவது கேட்டால் மும்பையின் மோகினி டே வாசிப்பதை ஃபோனில் போட்டுக் காட்டுங்கள். சிறு வயதிலேயே பேஸ் எடுத்தவர், ஏ.ஆர். ரஹ்மானோடு மேடைகளில் வாசித்தவர்.

8 ஓம் கேபினெட் இரண்டு வைத்திருக்கிறேன். மூன்றாவதும் சேர்க்கலாமா?
*— வாசகர், கிள்ளான், மலேசியா*

ஓம் என்பது ஸ்பீக்கர் பெட்டி கரண்டைத் தடுக்கும் அளவு, பெட்டி சேரச் சேர அது குறையும். இரண்டு சேர்ந்தால் 4 ஓம். பெரும்பாலான ஆம்புகளின் பின்னால் குறைந்தபட்சம் 4 ஓம் என்றுதான் எழுதியிருக்கும். மூன்றாவது சேர்ந்தால் 2.7-க்கு இறங்கி ஆம்ப் சூடேறி நின்றுவிடும். வேண்டாம். கேபினெட்டுக்கு ஸ்பீக்கர் கேபிளே போடுங்கள், கிட்டார் கேபிள் தாங்காது.

ராஜா சார் பாட்டுகளில் பேஸைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை. எப்படிப் பிடிப்பது?
*— வாசகர், விருதுநகர்*

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் கிடைக்காது, கீழ்ச்சுரம் அதிலிருந்து வெளியே வரவே வராது. காதை மூடுகிற ஹெட்ஃபோன் போடுங்கள். கிடைக்காத இடங்களில் பாட்டை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றித் தருகிற செயலிகள் இருக்கின்றன, ஏற்றியதும் பேஸ் பளிச்சென்று மேலே வந்துவிடும். கருவியை எடுப்பதற்கு முன் வாயால் பாடிப் பிடியுங்கள். இதை மட்டும் விடாதீர்கள். அவர் எழுதும் பேஸ் பாடகருக்குக் கீழே ஓடுகிற இன்னொரு மெட்டு. பல வருடம் அதை வாசித்த சசிதரன் சுரத்தை எங்கே நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். எந்தச் சுரம் என்று தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் பேஸ் வாசிக்கிற பத்துப் பதினைந்து பேர் வாட்ஸ்அப்பில் ஆம்பைப் பற்றியும் பெடலைப் பற்றியும் தினமும் பேசிக்கொள்கிறோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒரு நாள் கூடலாம் என்று நினைக்கிறோம். எப்படி நடத்துவது அண்ணா?
*— வாசகர், கோயம்புத்தூர்*

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கிட்டார்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் சக கலைஞர்களைப் பார்க்க மேடையிலேயே வாய்ப்பு உண்டு. ஒரு குழுவில் பேஸ் ஒருவர்தான். இன்னொரு பேஸ்காரரின் கையை நாம் பக்கத்திலிருந்து பார்ப்பதே இல்லை. அவசியம் கூடுங்கள்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ரிகர்சல் அறை பாருங்கள். கல்யாண மண்டபச் சாப்பாட்டுக்கூடம் சும்மா கிடைத்தாலும் வேண்டாம், எதிரொலியில் எந்த ஆம்பும் ஒரே மாதிரிதான் கேட்கும். ஆளுக்கொரு ஆம்ப் தூக்கி வராதீர்கள். ஒரு நல்ல ஆம்ப், ஒரு கேபினெட், எல்லா டோன் குமிழும் நடுவில். எல்லோரும் தங்கள் பேஸை மட்டும் கொண்டு வரட்டும். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் புது 9 வோல்ட் பேட்டரியோடு வரட்டும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த நான்கு பார் லைன் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒருவரே எல்லா பேஸிலும் வாசிக்கட்டும். பிறகு ஒரே பேஸில் எல்லோரும் அதே லைனை வாசியுங்கள். இரண்டாவது சுற்றில்தான் நிஜமான வித்தியாசம் கேட்கும். விரல் படும் இடம், நகத்தின் நீளம், சதை எவ்வளவு தொடுகிறது என்பதெல்லாம் பிக்-அப்பை மாற்றுவதை விட அதிகமாகச் சத்தத்தை மாற்றும். ஜேமர்சன் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் வாசித்தவர். அதையும் ஒரு முறை எல்லோரும் செய்து பாருங்கள்.

அப்புறம், ஒருவர் ஆம்பில் தடித்த ஸ்டிரிங்கை வாசித்துக்கொண்டே இருக்க, மற்றவர்கள் அறையைச் சுற்றி நடங்கள். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், அறையே அந்த அளவுக்கு இருக்காது. அதனால் மூலையில் சுரம் வீங்கும், நடுவில் ஓரிடத்தில் காணாமலே போகும். இதைக் காதால் ஒருமுறை கேட்டுவிட்டால், யார் ஆம்ப் உசத்தி என்கிற சண்டை பாதியாகக் குறையும்.

ஒரு டிரம்ஸ்காரரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். பேஸ்காரர்கள் மட்டும் கூடினால் மதியத்துக்குள் யார் வேகம் என்கிற போட்டியாகிவிடும். அவர் சாதாரணமான ஒரு தாளத்தை நிறுத்தாமல் போடட்டும். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் ஒரே ஒரு சுரத்தை கிக்கோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேர்த்து வைக்க வேண்டும், வேறு எதுவும் கூடாது. சுரம் எங்கே தொடங்குகிறது, ஸ்னேர் விழும்போது கை அதை அடக்குகிறதா, இழுத்துக்கொண்டு போகிறதா என்று மற்றவர்கள் கேட்கட்டும். எல்லோரும் சேர்ந்து வாசிக்க ஆசை வரும், செய்யாதீர்கள். மூன்று பேஸ் ஒன்றாகச் சேர்ந்தால் கீழே சேறாகிவிடும். அதிகபட்சம் இரண்டு பேர், அதிலும் ஒருவர் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே.

தேதி முடிவானதும் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். கச்சேரி இல்லாத ஞாயிறு என்றால் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன். ஃப்ளாட்வுண்ட் (வழவழப்பாகச் சுற்றிய) ஸ்டிரிங் போட்ட ஜாஸ் பேஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதையும் உங்கள் வரிசையில் வைத்துக் கேட்கலாம்.