ஆம்பு பேக்கை மோட்டார் அமுக்கினால் வென்டிலேட்டர் ஆகிவிடுமா?

கேள்வி: சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கொரோனா சமயத்தில் வைப்பர் மோட்டாரை வைத்து ஆம்பு பேக்கை (நோயாளிக்குக் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) அமுக்கும் கருவி செய்தேன். நன்றாகவே ஓடியது, ஆனால் எந்த மருத்துவரும் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த நெருக்கடி வந்தால் என்ன செய்து கொடுக்கலாம்?

பதில்: உங்கள் மோட்டாரில் குறை இருந்திருக்காது. 2020-இல் பல நாடுகளில் இதையேதான் செய்து பார்த்தார்கள். சிக்கல் நுரையீரல் பக்கம் இருக்கிறது. பெரியவர்களுக்கான ஆம்பு பேக் சுமார் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். விறைத்துப்போன நுரையீரலுக்கோ, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 6 மில்லிதான் ஒரு மூச்சு. 60 கிலோ என்றால் 360 மில்லி. அதிகமாக ஊதினால் நுரையீரல் இன்னும் கெடும். குழாய் கழன்றால் அலாரம் அடிக்க வேண்டும், நோயாளி தானே மூச்சிழுத்தால் கருவிக்குத் தெரிய வேண்டும். இப்படி வாரக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும். இரவு மூன்று மணிக்கு ஒரு ஸ்க்ரூ கழன்றால் என்ன ஆகும்? மருத்துவர் கேட்பது அதைத்தான்.

சரி, வேறு வழி? டாக்காவில் மருத்துவர் ஜோபாயர் சிஷ்டி காலி ஷாம்பு பாட்டிலை வைத்துச் செய்த பபிள் சி-பாப்பைப் பாருங்கள். சி-பாப் என்றால், தானே மூச்சு விடுபவருக்கு விடாமல் லேசான காற்றழுத்தம் கொடுத்து நுரையீரல் சுருங்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி. குழந்தை மூச்சு விடும் குழாயின் முனை பாட்டில் தண்ணீருக்குள் இருக்கும். 5 செ.மீ. மூழ்கியிருந்தால் 5 செ.மீ. நீர் அழுத்தம், அவ்வளவுதான் கணக்கு. அதற்கு மேல் ஏறினால் காற்று குமிழியாகப் போய்விடும். குமிழி நின்றால் எங்கோ கசிகிறது என்று நர்ஸுக்குக் கண்ணாலேயே தெரியும். குழாய் மடங்கினால் மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பட்டறைக்காரர் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் அது. கடும் நிமோனியா வந்த குழந்தைகளிடம் அங்கே நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. வழக்கமான குறைந்த வேக ஆக்சிஜனில் 15 சதவீதக் குழந்தைகள் இறந்தார்கள், இதில் 4 சதவீதம். ஆனால் மருத்துவரும் நர்ஸும் கூடவே இருந்த வார்டு அது. வீட்டில் செய்து பார்க்கும் வேலையல்ல.

2020-இல் லண்டனில் யூசிஎல் பல்கலைக்கழகப் பொறியாளர்களும் மெர்சிடிஸ் ஃபார்முலா 1 குழுவும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. காப்புரிமை முடிந்த பழைய சி-பாப் கருவியைப் பிரித்து, அளவெடுத்து, முதல் சந்திப்பிலிருந்து 100 மணி நேரத்துக்குள் முதல் கருவியைச் செய்து முடித்தார்கள். உங்களுக்கும் இதுதான் தோதான வழி. பக்கத்து மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிப்பவரை இப்போதே போய்ப் பாருங்கள். எந்த வால்வு, எந்த கனெக்டர் அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று கேளுங்கள். போகும்போது வெர்னியர் காலிப்பரையும் எடுத்துப் போங்கள்.