கப்பல் வாங்குமுன்: கேள்வி-பதில்

கேள்வி: நண்பரும் நானும் மேசைமேல் சிறு மாதிரிக் கப்பல்களை நகர்த்தி ஆடும் பாய்மரக் கப்பல் போர் விளையாட்டைத் தொடங்குகிறோம். கடையில் உள்ளவற்றிலேயே பெரிய கப்பல்கள் மூன்றை எடுத்தால், ஒரு தரப்பு கப்பல்களுக்குச் செலவழிக்கக்கூடிய பாயிண்ட் வரம்பு நிரம்பிவிடுகிறது. அது போதுமா?

பதில்: போதாது. நூறு பீரங்கிகள் கொண்ட மூன்றடுக்குக் கப்பல் பக்கத்தில் வந்து நின்றால் எதிரில் எதுவும் தாங்காது, உண்மைதான். ஆனால் பக்கத்தில் வந்து சேர்வதுதான் பெரும்பாடு. 1805 டிராஃபல்கர் போரில் பிரிட்டிஷ் தரப்பில் 'பிரின்ஸ்' என்ற 98 பீரங்கிக் கப்பல் இருந்தது. அது தவழ்ந்து வந்து சேர்வதற்குள் கடும் சண்டை ஓய்ந்துவிட்டது. அதில் ஒருவர்கூட இறக்கவில்லை, காயப்படவும் இல்லை. காற்று மெலிந்தால் உங்கள் மேசையிலும் இதுவே நடக்கும். பாதி ஆட்டம் முடியும்வரை உங்கள் பாயிண்டுகள் மூலையிலேயே மிதந்துகொண்டிருக்கும்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் வரிசையில் நின்ற 27 கப்பல்களில் 16 கப்பல்கள் 74 பீரங்கி வகை. இரண்டு தளங்கள், அடித்தளத்தில் கனத்த பீரங்கிகள், தேவையான வேகம், சொன்னபடி திரும்பும் உடல். இந்த 74-களைத்தான் முதலில் வாங்க வேண்டும். மூன்றடுக்கு ஒன்றே ஒன்று போதும், தளபதியின் கொடிக்கு. மிச்சமுள்ள பாயிண்டில் சிறிய, வேகமான போர்க்கப்பல்களான ஃபிரிகேட்டுகள் இரண்டு எடுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் ஒரு டஜன் கப்பல்கள் வாங்கிவிட்டேன். இவற்றுக்கு எந்த விதிநூல் பொருந்தும்?

பதில்: வாங்குவதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விதிநூலை முடிவு செய்து, முழுவதும் படித்து முடிக்கும்வரை வேறு எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஃபிரிகேட்டுக்குப் பாயிண்ட் செலவழிப்பது வீண் என்கிறார் என் நண்பர். பெரிய கப்பல் ஒருமுறை சுட்டாலே அது ஒழிந்துவிடுகிறது. அவர் சொல்வது சரியா?

பதில்: தவறு. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. ஃபிரிகேட் பீரங்கி வரிசையில் நிற்கப் பிறந்த கப்பல் அல்ல. அது கடற்படையின் கண். 1798 மே மாதப் புயலுக்குப் பிறகு பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் ஃபிரிகேட்டுகள் அவரிடமிருந்து பிரிந்து போயின. நெப்போலியனின் படையைச் சுமந்த பிரெஞ்சுக் கப்பல்கள் எகிப்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஜூன் 22 இரவு இரு தரப்பும் ஒன்றையொன்று நெருங்கிக் கடந்தும் நெல்சனுக்கு அது தெரியவில்லை. அவர் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு முந்திப் போய், அங்கே எதிரி இல்லை என்று திரும்பினார். சில நாட்களுக்குள் பிரெஞ்சுப் படை அதே கரையில் இறங்கியது. அருமையான 74-கள் கையில் இருந்தும் தேடிப் பார்க்க ஃபிரிகேட் இல்லை.

சண்டையின்போதும் அதற்கு வேலை உண்டு. பீரங்கிப் புகையில் தளபதியின் சைகைக் கொடிகள் மறைந்துவிடும். வரிசைக்கு வெளியே நிற்கும் ஃபிரிகேட்தான் அதே கொடிகளைத் தானும் ஏற்றிக் காட்டி எல்லோருக்கும் சேர்க்கும். டிராஃபல்கரில் பாய்மரங்களை இழந்து கிடந்த 'ராயல் சாவரின்' கப்பலை இழுத்துச் சென்றது 'யூரியாலஸ்' என்ற ஃபிரிகேட். தானாக வந்து சுடாத ஃபிரிகேட்டைப் பெரிய கப்பல்கள் சுடுவதில்லை என்ற வழக்கமும் அன்று இருந்தது. அதே 1798-இல் நடந்த நைல் போரில் 'செரியூஸ்' என்ற பிரெஞ்சு ஃபிரிகேட் பெரிய கப்பலை நோக்கிச் சுட்டது, பதிலடியில் மூழ்கியது.

என் கோபமெல்லாம் விதிநூல் விற்பவர்கள் மீதுதான். இரு கடற்படைகளையும் பட்டப்பகலில் எதிரெதிரே நிறுத்திவிட்டு, தேடலுக்கும் கொடிச் சைகைக்கும் ஒரு பக்கம்கூட ஒதுக்காமல், ஃபிரிகேட்டுகளை மட்டும் தனிப் பெட்டியில் விற்கிறார்கள். இது வாங்குபவரை ஏமாற்றும் வேலை. உங்கள் நண்பர் மீது குற்றமில்லை. சைகை விதி, மறைவாக நகரும் விதி இரண்டும் உண்டா என்று கேட்டு, இருந்தால் மட்டும் அந்த நூலை வாங்குங்கள்.

கேள்வி: எல்லாக் கப்பல்களுக்கும் கேரனேடு பொருத்தினால் குறைந்த பாயிண்டில் அதிக அடி கிடைக்கிறது. செய்யலாமா?

பதில்: 'எஸ்ஸெக்ஸ்' என்ற அமெரிக்க ஃபிரிகேட்டில் கேரனேடுகள் 40, நீண்ட பீரங்கிகள் 6. 1814 மார்ச்சில் வால்பரைசோ அருகே 'ஃபீபி' என்ற பிரிட்டிஷ் ஃபிரிகேட் எட்ட நின்று நீண்ட பீரங்கிகளால் அடித்தது. முன்னதாகச் சூறைக்காற்றில் ஒரு பாய்மரம் முறிந்துபோனதால் எஸ்ஸெக்ஸால் நெருங்கவும் முடியவில்லை, தப்பவும் முடியவில்லை. கடைசியில் சரணடைந்தது. கேரனேடு குட்டைப் பீரங்கி. கிட்டத்தில் நொறுக்கும், தொலைவுக்கு எட்டாது. பாதிக் கப்பல்களுக்கு மேல் பொருத்தாதீர்கள்.

கேள்வி: ஒரு கடையில் 1:700 அளவுக் கப்பல்கள், இன்னொரு கடையில் 1:1200 அளவுக் கப்பல்கள் வாங்கினேன். பாய்மரக் கப்பலில் வித்தியாசம் தெரியாது என்று விற்பவர் சொன்னார். சேர்த்து வைத்தால் பெற்றோரும் பிள்ளைகளும் போல இருக்கிறது.

பதில்: அவர் சொன்னது பொய். நெல்சனின் கப்பல் 'விக்டரி'யின் பீரங்கித் தளம் ஏறத்தாழ 57 மீட்டர் நீளம். 1:700 அளவில் அது 8 சென்டிமீட்டர், 1:1200 அளவில் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. அவர் சொன்னது எழுத்தில் இருந்தால் அதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 'முழுத் தொகுப்பு' என்று பழைய பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். காற்றின் திசையைக் காட்டும் காற்றுமானி இல்லை, கப்பல் அட்டைகள் இல்லை, இரண்டு பாய்மரங்கள் முறிந்திருக்கின்றன. விற்றவர் பதில் தருவதில்லை.

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. முழுத் தொகுப்பு என்றால் முழுத் தொகுப்புதான். விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள்; நாளை அது காணாமல் போகும். பெட்டியில் வந்தவற்றை ஒரே மேசையில் பரப்பி, விதிநூலில் உள்ள பொருள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். விற்பனைத் தளத்துக்கும் பணம் செலுத்திய வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் பேசித் தீர்க்கலாம் என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

எனக்கும் ஒரு விற்பனையாளர் ஒரு 74-ஐ அனுப்பினார். புதுச் சாயம் பளபளத்தது. நடுப் பாய்மரத்தை லேசாகத் தொட்டேன். அடியோடு கையில் வந்தது. துளை முழுக்கப் பழைய பசை, உடைப்பை மறைக்க அதன்மேல் சாயம். அதன்பிறகு பழைய கப்பல் என்றால் பாய்மரத்தின் அடியைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். தயங்குபவரிடம் வாங்குவதில்லை.

கேள்வி: ரெசின் பாய்மரம் வளைந்து வந்திருக்கிறது. திருப்பி அனுப்பவா?

பதில்: வேண்டாம். வெந்நீரில் அமிழ்த்தி, இளகியதும் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் வையுங்கள்.