வெளியூர்க் கடிகாரம்

அன்புள்ள ஐயா,

உங்கள் மாமாவின் ரொட்டிக்கடையில் கணக்கெழுதிய நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த துணிச்சலில் இக்கடிதத்தை எழுதுகிறேன். கோவையில் எட்டு மாதங்களுக்கு முன் ஒரு சிறிய ரொட்டிக்கடை தொடங்கினேன். பதினொரு வருட மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, ஓர் ஐரோப்பியப் பயிற்சியாளரிடம் இணையவழியில் கற்றுக்கொண்டு, சவர்டோ ரொட்டி மட்டும் செய்கிறேன். பாக்கெட் ஈஸ்ட் கிடையாது. மாவும் நீரும் சேர்த்துத் தானாகப் புளிக்கவைத்த ஸ்டார்ட்டர், மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து வேலை தொடங்கி, காலை ஏழு மணிக்குக் கடை திறக்கிறேன். அலமாரி நிறைந்து தெரியவேண்டும் என்று ஒரு நாளைக்கு முப்பது ரொட்டி போடுகிறேன். பதினெட்டு விற்றால் பெரிது. 800 கிராம் ரொட்டி 240 ரூபாய், முழுதாகத்தான் விற்பேன். "முக்குக் கடையில் நாற்பத்தைந்து ரூபாய்தானே" என்று கேட்காத ஆளில்லை. புளிக்கிறது என்கிறார்கள், தோல் கடிக்க முடியவில்லை என்கிறார்கள். ஒரு பெரியவர், "நேற்றைய ரொட்டியாம்மா?" என்று கேட்டார். அது அன்று காலை எடுத்த ரொட்டி. பிப்ரவரி வரை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது சில நாள் உப்புகிறது, சில நாள் தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. சம்பா கோதுமையில் முயன்றேன், தோசைக்கல்போல வந்தது. உதவிக்கு இருந்த மாஸ்டர் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார்.

நம் மக்களுக்கு நல்ல ரொட்டியின் ருசி இன்னும் பழகவில்லை என்று தோன்றுகிறது. 'ரசாயன விஷம் இல்லாத ரொட்டி' என்று வாசலில் பலகை வைத்தும் பயனில்லை. முட்டை பப்ஸும் பிறந்தநாள் கேக்கும் போடச் சொல்கிறார் என் கணவர். மூடிவிடவா, பப்ஸ் போடவா? வரவு செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் சண்டை போட்டுவிடுகிறேன். நம் மக்களுக்குப் புளிப்பு பழகவில்லை என்று எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறீர்கள்? இட்லி, தோசை, ஆப்பம், பழைய சோறு, மோர்க்குழம்பு என்று காலையிலிருந்து ராத்திரி வரை புளித்ததையே தின்று வளர்ந்த கூட்டம் இது. புளிப்பில் எது ருசி, எது கெட்டுப்போனது என்பதை நாக்கின் நுனியிலேயே சொல்லிவிடுவார்கள். அந்தப் பெரியவர் உங்கள் ரொட்டியைக் கடித்துவிட்டு நேற்றையதா என்று கேட்டார் என்றால், அவர் அறியாமல் கேட்கவில்லை. அன்றைய மாவு எல்லை தாண்டிப் புளித்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கும் வரி 'பிப்ரவரி வரை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது' என்பது. அதன்பிறகு மக்களின் ருசி மாறவில்லை, வெயில் ஏறியது.

உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மாவைப் பிசைந்து நான்கைந்து மணி நேரம் வைக்கச் சொல்லியிருப்பார். அது 24 டிகிரி அறைக்கான கணக்கு. வெப்பம் எட்டுப் பத்து டிகிரி கூடினால் நொதிக்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 33 டிகிரியில் அவருடைய ஐந்து மணி நேரம் உங்களுக்கு இரண்டரை மணி நேரம்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டார்ட்டரில் இருவகை உயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன. மாவை உப்பவைப்பது ஈஸ்ட், புளிக்கவைப்பது பாக்டீரியா. சவர்டோவின் ஈஸ்ட் வகைகள் பெரும்பாலும் 27 டிகிரியை ஒட்டித்தான் சுறுசுறுப்பாக இருக்கும். பாக்டீரியாவுக்கோ 32 டிகிரி சொர்க்கம். கோடையில் பாக்டீரியா முந்திக்கொண்டு ஓட, ஈஸ்ட் மூச்சு வாங்குகிறது. அமிலம் ஏற ஏற மாவின் பிடிமானமும் தளர்கிறது. ரொட்டி புளிக்கும், உப்பாது, தட்டையாகப் படுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய மூன்று புகாரும் ஒரே நோயின் குறிகள்.

இதற்கு வைத்தியம் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். மார்கழியில் இட்லி மாவுப் பானையைச் சாக்கில் சுற்றி அடுப்படியில் வைப்பார். கையால் நன்றாகக் கரைத்துவிடுவார். சித்திரையிலோ மாவை மாலையில் ஆட்டி, பானையைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்தி, பத்து மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, பொங்கியிருந்தால் உடனே ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுவார். கடிகாரத்தைப் பார்த்து அவர் மாவு புளிக்கவைத்ததே இல்லை. நீங்கள் மட்டும் ஏன் ஐரோப்பியக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

மாமாவின் கடை மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்தது. சவுக்கு விறகு போட்டு எரிக்கும் செங்கல் அடுப்பு. எங்கள் பக்கத்தில் அதற்குப் போர்மா என்று பெயர். (யாழ்ப்பாணத்தில் போறணை என்பார்கள், ரொட்டியைப் பாண் என்பார்கள். பாண் போர்த்துக்கீசியன் விட்டுப்போன சொல்.) அங்கிருந்த மாஸ்டருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளத்துக்குக் கட்டைவிரல்தான் வைப்பார். விறகு எரிந்து தணலை வாரி எடுத்ததும் அடுப்பின் தரையில் ஒரு பிடி மைதாவை வீசுவார். வீசிவிட்டு உரக்க எண்ணுவார். பத்துக்குள் மாவு கருகினால் சூடு அதிகம். நீண்ட கம்பில் ஈரச் சாக்கைக் கட்டி உள்ளே விட்டுத் துழாவுவார். புஸ்ஸென்று ஆவி எழும். மறுபடி ஒரு பிடி மாவு, மறுபடி எண்ணிக்கை. இருபதைத் தாண்டிப் பொன்னிறமானால்தான் தட்டுகள் உள்ளே போகும். பங்குனி பிறந்துவிட்டால் இன்னொரு வழக்கம். மீன்காரர்களுக்குப் போகும் ஐஸ் வண்டி எங்கள் கடை வாசலிலும் நிற்கும். ஒரு பாளத்தை இறக்கி, உமியைக் கழுவி, சுத்தியலால் உடைத்து, மாவு பிசையும் தண்ணீரில் போடுவார். ஐஸுக்கு மட்டும் மாதம் இவ்வளவா என்று கணக்குப் பார்க்கும் நான் ஒருநாள் கேட்டேன். "தண்ணிக்குக் காய்ச்சல் வந்தா மாவுக்கும் வரும் மக்கா" என்றார்.

அவர் கையால் செய்ததை நீங்கள் தாளில் எழுதிச் செய்யலாம். பிசைந்து முடித்த மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதில் அறையின் வெப்பம் 33, மாவின் வெப்பம் 32, பிசையும் இயந்திரம் உரசி ஏற்றும் சூடு சுமார் 6, இவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவது 4. தண்ணீர் அந்த 4 டிகிரியில் இருக்க வேண்டும், அதாவது ஐஸ் போட்ட தண்ணீர். முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்பமானி ஒன்றும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்குங்கள். தினமும் அறை, மாவு, தண்ணீர், பிசைந்த மாவு என நான்கு எண்களை எழுதுங்கள். எட்டு மாதங்களாக ஓவனுக்கு லட்சக்கணக்கில் கடன் கட்டும் ஒருவரின் கடிதத்தில் ஒரு டிகிரிகூட இல்லையே என்பது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

சம்பா கோதுமை பற்றி. அது தோசைக்கல்லானதில் குற்றம் உங்களுடையதல்ல. சம்பாவில் புரதம் இருக்கிறது, ஆனால் காற்றைப் பிடித்து நிறுத்தும் இழுவை அதில் குறைவு. உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் வாய்த்த கோதுமையைத் தூக்கிக்கொண்டு போய் உப்பச் சொன்னால் என்ன செய்யும்? ஐந்தில் ஒரு பங்கு கலந்து பாருங்கள், மணம் கிடைக்கும், உயரமும் போகாது. மில்லில் அரைத்து வாங்குவதாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரும் மிளகாய் அரைக்கவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பட்டவன்.

இனிக் கணக்கு. 18 ரொட்டி, 240 ரூபாய், மாதம் 26 நாள்: வரவு 1,12,320. வாடகை 32,000, இரண்டு உதவியாளர்களின் சம்பளம் 34,000, மின்சாரம் 19,000. ரொட்டிக்கு மாவும் உப்பும் காகிதப் பையுமாக 60 ரூபாய் என்று போட்டிருக்கிறீர்கள், முப்பது ரொட்டிக்கு மாதம் 46,800. மொத்தச் செலவு 1,31,800. ஓவன் கடனைச் சேர்க்காமலேயே 19,480 ரூபாய் கையை விட்டுப் போகிறது. சரி, பதினெட்டு விற்கும் கடையில் ஏன் முப்பது போடுகிறீர்கள்? அலமாரி நிறைந்து தெரியவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபதே போடுங்கள். மாதம் 15,600 மிச்சம், நஷ்டம் நான்காயிரத்துக்குள் வந்துவிடும். ஒரு புது வாடிக்கையாளர்கூட வராமலேயே இது நடக்கும். மாலை ஆறு மணிக்கு வந்தவர் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று திரும்பிப் போகட்டும், மறுநாள் ஐந்து மணிக்கு வருவார். மிஞ்சும் ஒன்றிரண்டை வில்லைபோட்டு, அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டிலேயே காயவைத்தால் ரஸ்க். மாமா கடையில் ரொட்டியைவிட ரஸ்க்கில்தான் லாபம் அதிகம் என்பது பேரேடு எழுதிய எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

800 கிராமை முழுதாகத்தான் விற்பேன் என்பதும் வெளியூர்ப் பழக்கமே. மூன்று வேளையும் ரொட்டி தின்னும் வீட்டுக்கான அளவு அது. நம் வீட்டில் ரொட்டி வாரம் இரண்டு நாள் மாலைச் சிற்றுண்டி. பாரிஸில் 1932ல் தொடங்கிய புவாலான் கடையின் ரொட்டி ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு கிலோ. அங்கேயே பாதியாகவும் காலாகவும் வெட்டி எடை போட்டுக் கொடுக்கிறார்கள். நீங்கள் கால் ரொட்டியை 65 ரூபாய்க்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கூடவே இரண்டு வரியில் தமிழில் ஒரு சீட்டு வையுங்கள்: ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வில்லைபோட்டுக் கல்லில் நெய் விட்டு வாட்டிச் சாப்பிடுங்கள் என்று. ரொட்டி மிக வேகமாக விறைப்பது ஃபிரிட்ஜின் குளிரில்தான். பாதிப் பேர் அங்கே வைத்துத்தான் கெடுக்கிறார்கள், பழியோ உங்களுக்கு. தோல் கடினம் என்ற புகாரும் வாட்டினால் பாதி அடங்கும்.

அந்தப் பலகையை இன்றே இறக்குங்கள். 2016ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடை ரொட்டிகளைச் சோதித்து, மாவில் சேர்க்கும் பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனம் இருப்பதைச் சொன்னதும், அதே ஆண்டில் அரசு அதைத் தடை செய்ததும் உண்மை. அதற்காக நாற்பத்தைந்து ரூபாய் ரொட்டியெல்லாம் விஷம் என்று எழுதுவது நியாயமில்லை. அந்த ரொட்டி மலிவாக இருப்பதற்குக் காரணம் நேரம். 1961ல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் கண்டுபிடித்த முறையில், மாவை அதிவேகமாக அடித்து, மூன்றரை மணி நேரத்தில் வில்லைபோட்டுப் பாக்கெட்டில் அடைத்துவிடலாம். உங்கள் ரொட்டிக்கு இருபது மணி நேரம். உங்கள் விலையின் பொருள் அதுதான். அதைச் சொல்லுங்கள். அந்தப் பாக்கெட் ரொட்டியை நேற்றுவரை பிள்ளைக்குக் கொடுத்த தாய், உங்கள் பலகையைப் படித்துவிட்டு ஏன் உள்ளே வரவேண்டும்?

மாஸ்டர் போனது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு இரண்டு மணி வேலைக்கு யாரும் நிலைக்கமாட்டார்கள். நீங்களும் நிலைக்கமாட்டீர்கள். ஏன் இரண்டு மணிக்கு எழுகிறீர்கள் என்பதைத்தான் கேட்கவேண்டும். காலை உணவுக்கு ரொட்டி வாங்க பிரெஞ்சுக்காரர் வரிசையில் நிற்பார், அதனால் அந்த ஊர் ரொட்டிக்கடைக்காரர் இரவில் விழித்தார். அதுவும் பொறுக்காமல் 1919ல் அங்கே ராத்திரி வேலைக்குச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கோவையில் காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கிறது. அந்த நேரத்தில் யாருக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்? நம் ஊரில் பேக்கரி விழிப்பது மாலை நான்கு மணிக்கு, பள்ளி விட்டு, அலுவலகம் விட்டு, தேநீர் நேரத்தில். சவர்டோவுக்கு இது தோதான வேளை. மாலையில் பிசைந்து, உருட்டி, இரவு முழுதும் 4 டிகிரிக் குளிரில் தூங்கவிடுங்கள். நீங்களும் தூங்குங்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு ஓவனில் ஏற்றினால் இரண்டுக்குள் எடுத்துவிடலாம். ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம் போனாலும் நான்குக்கு முன்பே அலமாரியில் இருக்கும்.

மூடுவதைப் பற்றி இப்போது பேச்சில்லை. வெப்பமானியும் இருபது ரொட்டியும் மாலைக் கடையுமாக ஆறு மாதம் ஓடிய பிறகும் நஷ்டம் வந்தால் மூடிவிடுங்கள், அப்போது வெட்கப்பட ஒன்றுமில்லை.

பப்ஸ் வேண்டாம். கௌரவத்துக்காகச் சொல்லவில்லை, எனக்குப் பிடித்த பண்டம் அது. ஆனால் வெண்ணெயை மாவுக்குள் மடித்து மடித்து அடுக்கு எடுப்பது இன்னொரு தொழில், கோவைச் சித்திரையில் குளிரறை இல்லாமல் நடக்காது. அதை முக்குக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். நாற்பத்தைந்து ரூபாய் ரொட்டி விற்கிறாரே, அவரிடம்தான். கணவரையும் அழைத்துக்கொண்டு போய் நான்கு நாள் அங்கே நின்று பப்ஸ் சாப்பிடுங்கள். தட்டு எத்தனை மணிக்கு வெளியே வருகிறது, எத்தனை மணிக்குக் காலியாகிறது என்று அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.