டிப்ரஷன் மாத்திரைய நிறுத்தினதுல இருந்து தலைக்குள்ள ஷாக் அடிக்குது, தூக்கமில்ல, செத்துடலாம் போல இருக்கு. நோய் திரும்ப வந்துடுச்சா, இல்ல மாத்திரைய விட்டதால வர்றதா? இப்படியே தான் இருக்குமா?

கேள்வி கேட்டவங்களுக்கு மொதல்ல இத சொல்லிடறேன், மத்தத பொறுமையா படிங்க. அந்த எண்ணம் இப்ப இந்த நிமிஷம் பலமா இருந்துச்சுன்னா, எப்படி பண்றதுன்னு யோசிக்கற வரைக்கும் போயிடுச்சுன்னா, இத படிச்சிட்டு உக்காந்திருக்காதீங்க. வீட்ல யாரு இருக்காங்களோ எழுப்பி பக்கத்துல உக்கார வைங்க. யாரும் இல்லைன்னா 14416க்கு போடுங்க, டெலி மானஸ், கவர்மென்ட் லைன், ராத்திரி பகல் எப்பவும் உண்டு, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. சென்னை சினேகா நம்பர் 044-24640050. இலங்கைல இருந்து படிக்கறவங்களுக்கு 1926. ஏதாவது பண்ணிட்டீங்கன்னா, இந்தியால இருக்கறவங்க யோசிக்காம 108. போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து நிறைய பேர் வெளிய சொல்றதில்ல, அந்த பயம் வேண்டாம், இந்தியால 2017ல வந்த மனநல சட்டத்துல 115வது பிரிவு, தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னு தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது, அவங்களுக்கு சிகிச்சை குடுக்கறது அரசாங்கத்தோட கடமைன்னும் இருக்கு.

இப்ப கேள்விக்கு வர்றேன். நான் டாக்டர் இல்ல, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கேன். ஆனா மாத்திரை ஆரம்பிச்சப்பவும் அந்த எண்ணம் வந்துச்சு, நிறுத்தினப்பவும் வந்துச்சு, அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

2020ல ஆர்டர் எல்லாம் கேன்சல் ஆகி பாதி சம்பளம், அதே வருஷம் அம்மா தவறிட்டாங்க, வருஷக் கடைசில படுக்கைய விட்டு எந்திரிக்கவே முடியல. டாக்டர் எசிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் எழுதினார். ரெண்டு மூணு நாள்ல ஒரு மாதிரி பரபரப்பு ஆரம்பிச்சுச்சு. சோகம் இல்ல, பயம்னும் சொல்ல முடியாது, உடம்ப ஒரு இடத்துல வைக்க முடியல அவ்ளோ தான். தட்டுல சோத்த போட்டுட்டு நின்னுகிட்டே தின்பேன், வண்டில பின்னாடி உக்காந்தா குதிச்சு இறங்கிடலாம் போல இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டை மாடில தண்ணி டேங்க்க சுத்தி சுத்தி நடப்பேன். எங்க அத்தை மேல ஏறி வந்து, ஏங்கண்ணு காலு வலிக்கலையான்னு கேட்டாங்க, வலிக்குது அத்தை ஆனா நிக்க முடியலன்னேன், அவங்களும் ஒண்ணும் சொல்லாம துண்ட விரிச்சு அங்கயே உக்காந்துட்டாங்க.

அதுக்கு முன்னாடியும் செத்தா தேவலைன்னு தோணும், ஆனா அது படுத்த படுக்கைல வர்ற எண்ணம், அத செய்யறதுக்கு கூட தெம்பு இருக்காது. இது வேற. இதுல வேகம் இருந்துச்சு. வாழ்க்கை வேண்டாம்னு இல்ல, இந்த உடம்புக்குள்ள இருந்து வெளிய போனா போதும்ங்கற வேகம். அது தான் ஆபத்து. டாக்டருக்கு போன் பண்ணப்ப அவர் வேற எதுவும் கேக்கல, அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல உக்கார முடியுதாம்மான்னு மட்டும் கேட்டார். முடியலன்னேன். இதுக்கு அகத்தீசியான்னு பேரு, மருந்தால வர்றது, உங்க மனசு இல்லன்னு சொல்லிட்டு டோஸ 5 ஆக்கி, பரபரப்புக்கு தனியா கொஞ்ச நாளைக்கு ஒண்ணு குடுத்தார். அந்த வாரத்துக்குள்ள அடங்கிடுச்சு. இது உங்க மனசு இல்லன்னு ஒருத்தர் சொன்னதே பாதி மருந்துங்க.

இது ஏதோ எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்ல. அமெரிக்காவுல மருந்துங்கள கண்காணிக்கற எஃப்டிஏ 2004லயே இந்த மாத்திரைங்க மேல கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை போட வச்சுது, பசங்கள வச்சு பண்ண ஆய்வுகள சேத்து பாத்தப்ப மருந்தே இல்லாத சும்மா மாத்திரை எடுத்தவங்கள்ல 100க்கு 2 பேருக்கு இந்த மாதிரி எண்ணமோ முயற்சியோ வந்திருந்தா மருந்து எடுத்தவங்கள்ல 4 பேருக்கு வந்திருந்துச்சு. அந்த ஆய்வுகள்ல யாரும் சாகல, அதையும் சொல்லணும். 2007ல அந்த எச்சரிக்கைய 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. 65 தாண்டினவங்களுக்கு மருந்து அந்த எண்ணத்த குறைக்கத் தான் செஞ்சுது. அதனால ஆரம்பிக்கறப்பவும் டோஸ் மாத்தறப்பவும் மொத சில வாரம் கூட ஒரு ஆள் கவனிச்சுக்கணும், இத மாத்திரை சீட்டோட சேத்து சொல்ற டாக்டர்கள் நம்ம ஊர்ல கம்மி, ஓபில நூறு பேர் நிக்கறாங்க, அவங்களையும் சொல்லி குத்தமில்ல.

இத படிச்சிட்டு மாத்திரையே விஷம்னு முடிவு பண்ணிடாதீங்க. அதே மாத்திரை தான் ஒரு ஒண்ணரை மாசத்துல என்ன எழுப்பி உக்கார வச்சுது. புளிக்குழம்பு வாசனை தெரிஞ்சுது, பையன் ஹோம்வொர்க்குல கத்த முடிஞ்சுது, அது வரைக்கும் கத்தக் கூட தெம்பில்ல. வாட்ஸப்ல மாத்திரைய தூக்கிப் போடு யோகா பண்ணுன்னு அனுப்புறவங்கள பாத்தா எனக்கு இப்பவும் ஆத்திரம் தான் வரும்.

நிறுத்தின கதை தான் நீங்க கேட்டது. பழைய டாக்டர் ஊர் மாறிட்டார், வேற ஆஸ்பத்திரில காட்டினேன், அங்க நல்லா தானே இருக்கீங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு ரெண்டு வாரத்துல நிறுத்திடுங்கன்னு சீட்டுல எழுதினாங்க. எழுதினபடி நிறுத்தினேன். மொத சில நாள் ஒண்ணுமில்ல. அப்புறம் கண்ண ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் திருப்பினா மண்டைக்குள்ள சரக்குனு ஒரு கரண்ட். மானிட்டர்ல இருந்து டேபிள் மேல இருக்கற சாம்பிள் பனியன பாத்தா சரக், திரும்ப மானிட்டர பாத்தா சரக். தலை சுத்தல், வாந்தி வர்ற மாதிரி, கனவுல ரத்தமும் சதையுமா படம் ஓடும். நகைக்கடை விளம்பரத்துல அப்பா பொண்ணுக்கு வளையல் போட்டு விடறத பாத்து அரை மணி நேரம் தேம்பி இருக்கேன், எங்க வீட்டுக்காரர் டிவிய அணைச்சிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம ரிமோட்ட கைல வச்சிட்டே நின்னார். அதுக்கப்புறம் தான் அந்த எண்ணம் வந்துச்சு, இந்த தடவை வேகமா இல்ல, ரொம்ப நிதானமா, நீ இல்லைன்னா இவங்களுக்கு எவ்ளோ நிம்மதின்னு கணக்கு போட்டு காட்டுச்சு. அந்த கணக்கு பச்சைப் பொய்ங்க. உள்ள இருக்கறப்ப மட்டும் அது தான் உலகத்துலயே நியாயமான பேச்சு மாதிரி கேக்கும்.

கோபில இருக்கற அக்காவுக்கு போன் பண்ணி, அக்கா எனக்கு சாகணும் போல இருக்குன்னு அப்படியே சொன்னேன். மனசு சரியில்ல, ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னா யாருக்கும் விளங்காது, அந்த வார்த்தையவே சொல்லிடணும். அடுத்த பஸ்ஸ பிடிச்சு வந்தா. வந்ததும் வீட்ல இருந்த மாத்திரை டப்பா மொத்தத்தையும், அத்தையோட சுகர் மாத்திரை உள்பட, தன்னோட பைல போட்டுகிட்டா, ஏண்டி வேளைக்கு நானே எடுத்து குடுக்கறேன்னா. பக்கத்துல படுத்துகிட்டா. ஒரு அட்வைஸும் பண்ணல, குழந்தைய நெனச்சு பாரு, கடவுள் குடுத்த உசுருன்னு எதுவும் இல்ல, வாய திறந்தா அவ மாமியார் கதை தான்.

சரி, நோயா மாத்திரைய விட்டதாலயான்னு எப்படி தெரியும். நூத்துக்கு நூறு பிரிக்க முடியாது, ஆனா சில விஷயம் உதவும். நோய் திரும்ப வர்றதுன்னா பொதுவா வாரக்கணக்குல மெல்ல மெல்ல வரும், பழைய முகத்தோட வரும். மாத்திரைய விட்டதால வர்றது பெரும்பாலும் நிறுத்தின சில நாள்ல இருந்தே ஆரம்பிக்கும், முன்னாடி உங்களுக்கு இல்லாத உடம்பு தொந்தரவ கூட்டிட்டு வரும். மண்டைக்குள்ள ஷாக் அடிக்கறது டிப்ரஷன்ல பொதுவா வர்றது இல்ல, நீங்க எழுதின அந்த ஒரு வரிய வச்சே இதுல மாத்திரைய விட்டதுக்கு பங்கு இருக்குன்னு எனக்கு தோணுது. டாக்டர் பேச்ச கேட்டு மறுபடி ஆரம்பிச்சு சில நாள்லயே தணிஞ்சிடுச்சுன்னா அதுவும் ஒரு துப்பு. டிப்ரஷன் மாத்திரைலயே மருந்துக்கு மருந்து நாளும் மாறும், வென்லாஃபாக்ஸின் சில மணி நேரத்துல உடம்ப விட்டு குறைய ஆரம்பிச்சிடும், பராக்ஸிட்டின் ஒரு நாள்ல பாதியாயிடும், ஃப்ளூவாக்ஸிட்டின் வாரக்கணக்குல தங்கும், அதனால அதுல தொந்தரவு லேட்டா வரலாம், கம்மியாவும் இருக்கலாம்.

நிறுத்தற எல்லாருக்கும் இப்படி வரும்னு பயப்படவும் வேண்டாம். 2024ல லான்செட் சைக்கியாட்ரிங்கற மருத்துவப் பத்திரிகைல நிறைய ஆய்வ சேத்து போட்ட கணக்குப்படி மாத்திரைய நிறுத்தினதாலயே தொந்தரவு வர்றது ஆறேழு பேர்ல ஒருத்தருக்கு, கடுமையா வர்றது சுமார் 35 பேர்ல ஒருத்தருக்கு. அதுல கொஞ்ச நாள் மட்டும் மருந்து எடுத்தவங்க தான் அதிகம், வருஷக்கணக்குல எடுத்தவங்களுக்கு இத விட அதிகமா இருக்கும்னு சண்டை போடறவங்களும் இருக்காங்க. எனக்கும் அவங்க பக்கம் தான் நியாயம்னு படுது.

இன்னொன்னு, எழுந்து போய் உங்க ஸ்ட்ரிப்ப திருப்பி பாருங்க. நம்ம நாட்டுல எசிட்டலோப்ராமும், பதட்டத்துக்கு குடுக்கற குளோனாசெபாமும் சேத்து ஒரே மாத்திரையா நிறைய விக்குது. டிப்ரஷன் மாத்திரைய நிறுத்தினேன்னு நீங்க நெனப்பீங்க, உண்மைல ரெண்டு மருந்த ஒரே நாள்ல நிறுத்தி இருப்பீங்க. குளோனாசெபாம் மாதிரி மருந்த ரொம்ப நாள் எடுத்துட்டு டக்குனு விட்டா தூக்கம் போறது, பதட்டம் மட்டும் இல்ல, வலிப்பே வரலாம். உங்களோடது அப்படி இருந்தா நாளைக்கு வரைக்கும் தள்ளாதீங்க, இன்னைக்கே ஏதாவது ஒரு டாக்டர் கிட்ட பேசுங்க. கை கால் உதறல், வலிப்பு, உளறல்னு எது வந்தாலும் எமர்ஜென்சி.

எனக்கு என்ன பண்ணாங்கன்னா, கோயம்புத்தூர்ல ஒரு டாக்டர் மறுபடி சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு ஷாக் எல்லாம் நின்னதும், ரொம்ப மெதுவா இறக்கினார். அவர் பேப்பர்ல கோடு போட்டு காட்டினது இப்பவும் என் கிட்ட இருக்கு. எசிட்டலோப்ராமோட பங்காளி சிட்டலோப்ராம், அதுல 60 மில்லிகிராம்ல இருந்து 20க்கு இறங்கினா மூளைல மருந்தோட பிடி 88 சதவீதத்துல இருந்து சுமார் 80க்கு தான் குறையும், ஆனா 20ல இருந்து பூஜ்யத்துக்கு வந்தா அந்த 80ம் மொத்தமா போகும். மேல படியெல்லாம் சாணளவு, கடைசிப் படி மட்டும் ஆளுயரம். அதனால கீழ வர வர இன்னும் சின்னச் சின்னதா குறைக்கணும்னு 2019ல மார்க் ஹாரோவிட்ஸ், டேவிட் டெய்லர்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க எழுதினாங்க. அதுல ஹாரோவிட்ஸ் தானே எசிட்டலோப்ராம் எடுத்து விட முடியாம தவிச்ச டாக்டர், வெளிப்படையா பேசி இருக்கார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறதும் சரியில்ல, எசிட்டலோப்ராம் சுமார் 30 மணி நேரத்துல ரத்தத்துல பாதியாயிடும், ரெண்டு நாளைக்கு ஒண்ணுன்னா ஏறி இறங்கி ஏறி இறங்கி உடம்பு குழம்பும். தினமும் போடணும், அளவ குறைக்கணும். எவ்ளோ, எத்தன வாரத்துக்கு ஒரு தடவைங்கறத உங்க டாக்டர் சொல்லணும், என் கணக்க நீங்க எடுக்காதீங்க. கேப்சூலயும் மெதுவா கரையற மாத்திரையையும் நீங்களா உடைக்கவும் வேண்டாம்.

இப்படியே இருக்குமான்னா, இல்லைங்க. ஆனா நேர் கோட்டுல சரியாகாது. நாலு நாள் நல்லா இருக்கும், திடீர்னு ஒரு மட்டமான நாள் வரும், அந்த நாள்ல மொதல்ல இருந்து எல்லாம் போச்சுன்னு தோணும், போயிருக்காது. நான் இன்னும் கால் மாத்திரைல தான் இருக்கேன், அவசரம் ஒண்ணும் இல்ல.

டாக்டர் கிட்ட போறப்ப பழைய சீட்டு, காலி ஸ்ட்ரிப் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக்கோங்க. எந்த தேதில குறைச்சது, எந்த தேதில நிறுத்தினது, ஷாக் எப்ப ஆரம்பிச்சது, சாகணும்னு எப்ப தோண ஆரம்பிச்சது, இந்த நாலையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அவர் கைல குடுத்துடுங்க, ஓபில நின்னுகிட்டு வாய்ல சொல்ல வராது. அவர் இது நோய் தான், மாத்திரையால எல்லாம் வராதுன்னு காது குடுக்காம சொன்னார்னா இன்னொரு டாக்டர பாருங்க, தப்பே இல்ல. தனியா போகாதீங்க, எங்க அக்கா மாதிரி வாயாடி ஒருத்தர கூட்டிட்டு போங்க, நீங்க விட்டத அவங்க கேப்பாங்க.